இருபது இன்ச் சக்கரம்

டயர் வெடித்த சத்தம் கேட்டதும் பல்செட்டக்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு முதலில் பார்த்தது பின்சீட்டைத்தான். அங்கே ஒரு அட்டைப்பெட்டிக்குள், பஞ்சும் பழைய துணியுமாகப் பொதிந்து, ஏழெட்டுப் பேருடைய தாடைகள் இருந்தன.

தாடை என்றால் பயந்துவிட வேண்டாம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்த்தால் அந்த ஆளின் தாடை அப்படியே வெள்ளையாகக் கையில் வந்துவிடும். அந்த வார்ப்பின் மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, பல்செட் செய்து முடிப்பதுதான் அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டு, வீட்டுக் கீழறையிலேயே பட்டறை போட்டு, இன்றுவரை விடாமல் செய்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், தபால்காரர், வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி எல்லோருக்கும் அவள் பல்செட்டக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பாள்.

பெட்டியைத் திறந்தாள். மூன்று தாடைகள் உடைந்திருந்தன. ஒன்று நடுவில் பிளந்து இரண்டாகிவிட்டது. மற்ற இரண்டில் முன்பல் வரிசை பொடிப்பொடி.

கீழே இறங்கிப் பார்த்தால், குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, பேருக்கு மண்ணைத் தள்ளி மூடியிருந்த பள்ளம். மழைத்தண்ணீர் நிரம்பி, யோக்கியமான ரோடு போலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தது. வலது முன்டயரின் பக்கவாட்டு கிழிந்து தொங்கியது. சக்கரத்தின் விளிம்பும் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தை அவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். டயர் போனதைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் டயர் கடைக்காரன். அவள் மருமகளாக வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு திரிந்தவன், இப்போது தலை நரைத்து, கண்ணாடி போட்டு, இரண்டு ஷட்டர் வைத்த கடைக்கு முதலாளி.

"அண்ணி, உங்களுக்கு அடி கிடி படலையே?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. மூணு பேருக்குத்தான் தாடை போச்சு."

அவன் அடிக்குரலில், "அண்ணி, யாரு மேலயாவது ஏத்திட்டீங்களா?" என்றான்.

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் வந்து, வண்டியை ஒரு இழுவை லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனான். டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இந்த சைஸ் டயர் இங்க யார்கிட்டயும் இல்ல. சொல்லிவிட்டா வரும், நாளாகும். வந்தாலும் அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, இந்த ரோட்டுக்கு இது தாங்காது. இருபது இன்ச் வீலு. அதைச் சுத்தி டயருன்னு பேருக்கு ஒரு ரிப்பன். பள்ளத்துல விழுந்தா அடி நேரா வீலுக்குத்தான் போகும். பதினெட்டு இன்ச் போட்டுட்டா டயர் நல்லா தடிமனா வரும். மெத்துனு போகும். உங்க பெட்டியும் பொழைக்கும்."

"அது உங்கண்ணன் வீலு," என்றாள் அவள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

அண்ணன் வீல் என்று அவள் சொன்னது சும்மா இல்லை. அந்தச் சக்கரத்துக்கு ஒரு கதை உண்டு.

கல்யாணமான புதிதில் அவள் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் உச்சியில் ஒரு சின்ன அறையில் அவருக்கு வேலை இருக்கும். வாங்கிய கார் கையளவுதான். அதற்கு வீட்டில் வைத்த பெயர் டப்பா. டப்பாவின் சக்கரங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குழந்தை தள்ளுவண்டியில் இருந்து கடன் வாங்கி மாட்டியது போல இருக்கும். கதவைச் சாத்தினால் எதிர்க் கதவு திறந்துகொள்ளும். மழை பெய்தால் வெளியே பெய்வதில் பாதி உள்ளேயும் பெய்யும். பின்சீட்டில் கொழுந்தன் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து மடங்கி உட்கார்ந்திருப்பான். மேட்டில் ஏறும்போது, "தம்பி, கொஞ்சம் இறங்கிக்கடா," என்பார் அண்ணன். அவன் இறங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடந்து வருவான். மேடு முடிந்ததும் ஏறிக்கொள்வான். வண்டி நின்றதாகவோ அவன் ஓடியதாகவோ சரித்திரம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே வேகம்.

ஆனால் அந்த டப்பாவில் அவர்கள் போகாத இடம் இல்லை. கடற்கரைக்குப் போனார்கள், ஆற்றுக்குப் போனார்கள், யாருடைய கல்யாணம் என்றே சரியாகத் தெரியாத கல்யாணங்களுக்கெல்லாம் போனார்கள். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். அன்றைக்கு அவர் வழிநெடுக இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. "அடிக்கட்டும்," என்றார் அவர். "என் பொண்ணு தூங்குறா, அவங்களுக்கு என்ன தெரியும்?"

ஒரு நாள் ரயில்வே கேட்டில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் சைக்கிளில் வந்தவன் ஒருவன் டப்பாவின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து சக்கரத்தைப் பார்த்து, "அண்ணே, இது இன்னும் வளருமா, இல்ல இவ்வளவுதானா?" என்று கேட்டான். கேட்டில் நின்ற கூட்டமே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கேட் திறந்து கொஞ்ச தூரம் போனபிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "ஒரு நாள் வாங்குறேன் பாரு. ஊர்லயே பெரிய சக்கரம் போட்ட வண்டியா வாங்குறேன்," என்றார். அவள் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

அது விளையாட்டில்லை என்பது மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனபிறகுதான் தெரிந்தது. மின்சாரக் கார் வாங்க ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனையாளர் பேட்டரி என்றார், மோட்டார் என்றார், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் என்றார். இவர் எதையும் காதில் வாங்காமல் முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், இதே வண்டி பதினெட்டு இன்ச் வீலோடயும் வருது. ஓட்டறதுக்கு இன்னும் சுகமா இருக்கும்."

"பெரிசு எது?"

"இருபதுதான் சார் பெரிசு."

"அப்ப அதுதான்."

வாங்கி வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சக்கரங்களுக்குக் குளியல் நடக்கும். கம்பிகளுக்கு நடுவே தேய்க்க அவருக்குத் தோதான பிரஷ், அவளுடைய பட்டறையில் பல்செட் மெருகேற்றும் பிரஷ்தான். "என் பிரஷ்ஷை எங்க?" என்று அவள் உள்ளிருந்து கத்துவாள். "பல்லு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்!" என்று வாசலிலிருந்து பதில் வரும்.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. எஞ்சின் சத்தம் என்று எதுவும் இல்லாததால் ஒவ்வொரு பள்ளமும் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் போகும். தடக், தடக் என்று இடுப்பு வரைக்கும் ஏறும். அவளுக்கு இடுப்புவலி ஒரு பொருட்டில்லை. பிளாஸ்டர் தாடைகள்தான் கவலை. ஒன்றிரண்டு உடைந்தன. அதைச் சொன்னால் மனுஷன் முகம் சுருங்கிப்போகும். அதனால் டாக்டர்களிடம் கொடுக்க வேண்டிய நாட்களில், "அங்க வண்டி நிறுத்த இடமே கிடைக்க மாட்டேங்குதுங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால் ஒரு கீறல் விழாது. அவரும் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியாது என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஒரு கட்டடத்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு தோள்வலி வந்து அவளால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. வண்டியை எடுத்தாள். மெதுவாக, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது டயரும் போயிற்று.

அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். சித்தப்பா சொல்லியிருந்தார் போல.

"அம்மா, டயர் வர்ற வரைக்கும் வண்டி அங்கயே நிக்கட்டுமே. வீலை மாத்தணுமா? அப்பா அந்த வீலுக்காகத்தாம்மா அந்த வண்டியையே வாங்கினாரு."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன்."

"சரி, மாத்தலை," என்றாள். சொன்னதும் மனசு லேசானது போலத்தான் இருந்தது.

ஆனால் உடைந்த தாடைகளுக்கு மறுபடி அச்சு எடுக்க வேண்டுமே. அதற்காக அந்த மூன்று பேரையும் டாக்டர் திரும்ப வரச்சொன்னார். அவளும் போயிருந்தாள், முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. மூன்றாவது ஆள் தள்ளாத வயசுக்காரர். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சுவாங்கி ஏறி வந்தார். மறுபடி வாயைத் திறந்து, மறுபடி குமட்டிக்கொண்டு அச்சுக் கொடுத்தார்.

"என் தப்புங்க ஐயா. வண்டியில உடைஞ்சுபோச்சு," என்றாள்.

"அதனால என்னம்மா? சாப்பிடத்தான் முடியல. பேச முடியுதில்ல, அது போதும்," என்றார் அவர். பல்லில்லாத அந்தப் பேச்சில் பாதிதான் புரிந்தது.

வெளியே வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பதினெட்டு இன்ச் சேருமா சேராதான்னு பாத்துடலாம். சேரலைன்னா விட்டுடலாம்."

"ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி. கடை லீவு. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ஷோரூமில் கேட்டால், "உங்களுது பெரிய மோட்டார் போட்ட வண்டி மேடம். முன்பக்க பிரேக்கும் பெரிசு. பதினெட்டு உள்ள பிரேக்ல இடிக்குமா இடிக்காதான்னு எங்களால உறுதியா சொல்ல முடியாது," என்று கை விரித்துவிட்டார்கள். சக்கரம் சின்னதானால் அதன் உட்குழியும் சின்னதாகும். பிரேக் அந்தக் குழிக்குள் அடங்கவேண்டும். அடங்குமா என்பதை மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கடைக்குப் போனபோது ஒரு ஷட்டர் மட்டும் பாதி தூக்கியிருந்தது. உள்ளே ரப்பர் வாசனை. சுவரோரம் டயர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கார் ஜாக்கின் மேல் நின்றது, நான்கு சக்கரமும் கழற்றி, செருப்பில்லாத ஆள் மாதிரி. கொழுந்தன் எங்கிருந்தோ ஒரு பதினெட்டு இன்ச் சக்கரம் தேடிப் பிடித்து வைத்திருந்தான்.

"போல்ட் ஓட்டையெல்லாம் ஒத்துவருது. நடு ஓட்டையும் சரி. டயர் எடை தாங்குமான்னும் பாத்துட்டேன். பேட்டரி வண்டி இல்லையா, சாதாரண காரைவிட கனம். அதுல மட்டும் கண்ணை மூடிக்கிட்டு எதையும் மாட்டக்கூடாது."

"வீல் சின்னதானா வண்டி தாழ்ந்துடாதா?"

"தாழாது. வீல் குறையுற அளவுக்கு டயர் தடிக்கும். மொத்த உயரம் அதேதான். வேகம் காட்டுற மீட்டர்கூட பொய் சொல்லாது. பிரேக் ஒண்ணுதான் அண்ணி பாக்கி."

அவள் பையிலிருந்து இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் வெள்ளையாகவும் ஒன்றில் நீலமாகவும் பிசைந்த மாவு போல ஏதோ இருந்தது.

"என்ன இது?"

"பல் அச்சு எடுக்குற மாவு. ரெண்டையும் சேத்துப் பிசைஞ்சா கொஞ்ச நேரத்துல ரப்பராட்டம் இறுகிடும். பிரேக் மேல இதை அப்பிட்டு நீ வீலை மாட்டு. மெதுவா ஒரு சுத்து சுத்து. இறுகினதும் கழட்டு. எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கோ அவ்வளவுதான் உள்ள இடம்."

அவன் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தான். "புதினா வாசனை வருது!"

"வாய்க்குள்ள வைக்கிறதாச்சே. பின்ன கிரீஸ் வாசனையா வரும்?"

பின்சக்கரத்தில் பிரச்சினையே இல்லை. தாராளமாக இடம் இருந்தது. முன்பக்கம் வந்தார்கள். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கனமான இரும்பை அவன் காலிப்பர் என்றான். அவள் பார்வைக்கு அதுவும் ஒரு தாடைதான், இறுகக் கடித்துக்கொண்டிருக்கிற தாடை. மாவு ஒட்ட வேண்டுமானால் அழுக்கு இருக்கக்கூடாது. இடது பக்கத்துக் காலிப்பரை அவளே குனிந்து பிரஷ்ஷால் துடைக்க ஆரம்பித்தாள்.

அவன் அந்தப் பக்கம் திரும்பி சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் அவள் மனசில் ஓடியதை அவன் அறியவில்லை. சேரக்கூடாது, சேரக்கூடாது என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். சேரவில்லை என்றால் யார்மேலும் குற்றமில்லை. பார்த்தோம், ஆகவில்லை, அவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போய்விடலாம். அவருடைய சக்கரம் அவருடைய வண்டியிலேயே இருக்கும். அந்த வயசானவரின் முகம் நினைவுக்கு வந்ததும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தாலும் வேண்டுதல் நிற்கவில்லை.

மாவைப் பிசைந்துகொண்டே காலிப்பரை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தவள் நின்றாள்.

"தம்பி, இங்க வா."

"என்ன அண்ணி?"

"இங்க பாரு. யாரோ ஏற்கெனவே உரசியிருக்காங்க."

காலிப்பரின் மேல்முனையில், வில் போல வளைந்து ஒரு கீறல். பெயிண்ட் போய் உள்ளே உலோகம் தெரிந்தது. கீறலுக்குள்ளும் தூசி படிந்திருந்ததால் இன்று நேற்று விழுந்ததில்லை.

"கல்லு கில்லு பட்டிருக்கும்."

"கல்லு பட்டா குழி விழும். இப்படிக் கோடு போட்ட மாதிரி வளைஞ்சா உரசும்? நாள் முழுக்க நான் பாக்குறது இந்தத் தடத்தைத்தானே? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியா உக்காரலைன்னா இப்படித்தான் தேயும். இங்க வேற ஒரு சக்கரம் மாட்டிச் சுத்தியிருக்கு. இந்த வண்டி உன் கடையைத் தவிர வேற எங்கயும் போனதில்ல."

அவன் உருட்டி வந்த சக்கரத்தைச் சுவரில் சாய்த்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். மறுபடி மாட்டினான்.

"அண்ணன்தான் அண்ணி."

அவள் கையில் மாவோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"அவரு போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. காலையில நான் வந்து பாத்தா, ஷட்டருக்கு வெளிய வண்டியோட நிக்கிறாரு. என்னண்ணே இவ்வளவு காலங்காத்தாலன்னு கேட்டேன். 'டேய், உங்கண்ணி பஸ்ல போறாடா'ன்னாரு. போனா என்னன்னேன். டாக்டர் கிளினிக் பக்கத்து பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க்க ஒரு பெரிய கட்டடம் இருக்கில்ல, அதுல லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்காரு. மேல இருந்து எட்டிப் பாத்தா நீங்க கீழ நிக்கிறீங்களாம். பெட்டியைக் கைக்குழந்தையாட்டம் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. 'பார்க்கிங் கிடைக்கலைன்னு சொன்னாடா. அவ நிக்கிற இடத்துக்குப் பின்னாலயே ஒரு மைதானம் முழுக்க காலியா கிடக்குது'ன்னாரு."

அவள் மெதுவாக டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்கிட்ட பதினேழுதான் இருந்துச்சு. மாட்டிப் பாத்தோம். கையால சுத்தினதுமே கர்ர்ருனு ஒரு சத்தம். இடிக்குதுண்ணே, சேராதுன்னேன். 'நிஜமாவா?'ன்னாரு. நிஜமாத்தான்னேன். 'நல்லாப் பாத்தியா?'ன்னாரு. நல்லாப் பாத்துட்டேன்னேன். உடனே இதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே மாதிரி உக்காந்து…" கொழுந்தன் நிறுத்தினான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"சொல்லுப்பா."

"'அப்பாடா'ன்னாரு அண்ணி."

அவளுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று குலுங்கிக்கொண்டு மேலே வந்தது. அழுகை என்றுதான் அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள். வந்தது சிரிப்பு. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, மூச்சு திணறத் திணறச் சிரித்தாள். "அப்பாடாவா? அப்பாடான்னா சொன்னாரு?" என்று கேட்பாள், மறுபடி சிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

"சொல்லிட்டு அவருக்கே வெக்கமாப் போச்சு. 'என்ன மனுஷன்டா நான்'னு தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்புறம், 'பதினெட்டு கிடைச்சா சொல்லு, அதையும் பாத்துடலாம். அவகிட்ட மட்டும் மூச்சு விடாத. மாட்டிக்கிட்டுப் போய் வாசல்ல நிக்கிறேன், அவளே பாக்கட்டும்'னாரு. நானும் தேடிக்கிட்டேதான் இருந்தேன். கிடைக்கறதுக்குள்ள…"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"டயர் வெடிச்ச அன்னைக்கே வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா, அண்ணன் சொன்னாருங்கறதுக்காக மாத்தியிருப்பீங்க. வண்டி ஓட்டப்போறது நீங்க. உங்களுக்காத் தோணட்டும்னு இருந்தேன்."

"நான் மட்டும் யோக்கியமா? இப்பகூட சேரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்." அவள் எழுந்தாள். எழுந்தபிறகுதான் தெரிந்தது, கையிலிருந்த மாவு உள்ளங்கைக்குள்ளேயே கெட்டியாக இறுகிப்போயிருந்தது. ஐந்து விரலின் தடமும் ரேகையும் அதில் அச்சாக விழுந்திருந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டு, "வேற பிசையணும். நீ வீலை எடு," என்றாள்.

இந்தத் தடவை அவள் வேறெதையும் நினைக்கவில்லை. மாவைப் பிசைந்து காலிப்பரின் மேல் மட்டமாக அப்பினாள். சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டாமலிருக்க வாஸ்லின் தடவினாள். அவன் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, போல்ட்களைக் கையாலேயே முறுக்கி, குழந்தையின் தொட்டிலை ஆட்டுவது போல மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கர்ர் என்ற சத்தம் வரவில்லை.

இறுகியதும் கழற்றினார்கள். அவள் மாவைப் பெயர்த்தெடுத்து, மிக மெல்லியதாகத் தெரிந்த இடத்தில் பிளேடால் ஒரு கீற்று அறுத்து, பல்லின் கனம் பார்க்கும் இடுக்கியில் வைத்தாள். நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு இடம் இருந்தது. வலது பக்கமும் அதே.

"போதுமா?"

"தாராளமா போதும். இதுக்குமேல கேட்டா பேராசை."

போதும் என்று சொல்லிவிட்டாலும் அவன் விடுகிற ஆள் இல்லை. சின்ன சக்கரங்கள் நான்கும் வந்து சேர்ந்ததும் மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தான். கடைத் தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய், இறங்கி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்தான். போல்ட்களை மறுபடி ஒரு முறை முறுக்கினான். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தான்.

அன்றைக்கு மகளைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பஸ் ஸ்டாப் இடத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. கடைசியில், "அப்பாடான்னா சொன்னாரு?" என்றாள்.

"ஆமாடி."

"அப்பா குரல்லயே கேக்குதும்மா." அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்சம் அழுதார்கள் என்றும் சொல்ல வேண்டும். பிறகு மகள் கேட்டாள்: "பழைய வீலை என்ன பண்ணப்போறே? வித்துடாதம்மா."

"விக்கவா? உன் சித்தப்பா கடை வாசல்ல பெயர்ப் பலகைக்குப் பக்கத்துல மாட்டப்போறானாம். நசுங்கினதையும் தட்டிச் சரி பண்ணிட்டான். நல்லா உயரமா மாட்டுடான்னு சொல்லியிருக்கேன். ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் நிமிர்ந்து பாக்கணும்."

அடுத்த வாரத்தில் மூன்று பல்செட்டும் தயாராகி, பின்சீட்டில் பெட்டியோடு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தன. குழாய்க்காரர்கள் தெருவை இன்னும் மூடவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டி ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. பல் மாட்டிக்கொண்ட பெரியவர் கண்ணாடியில் பார்த்து, உதட்டை இப்படியும் அப்படியும் இழுத்துவிட்டு, "யாரிது, எங்க அப்பா மாதிரி இருக்கு?" என்றார்.

அந்த மாசக் கடைசியில், யாரிடமும் துணை கேட்காமல், அவள் மகள் ஊருக்குத் தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நெடுஞ்சாலையில் இவ்வளவு தூரம் அவள் தனியாக ஓட்டியதில்லை. வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள். ஜன்னலை இறக்கிவிட்டாள். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் மேடு வந்த இடத்தில், "தம்பி, கொஞ்சம் இறங்கிக்கடா," என்று தன்பாட்டுக்குச் சொல்லிப் பார்த்து, தானே சிரித்துக்கொண்டாள்.

பாதி வழியில் சார்ஜ் போட நிறுத்தினாள். வண்டியில் ஒயரைச் செருகிவிட்டு, வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். போன் அடித்தது.

"எங்கம்மா இருக்கே?"

"பாதி தூரம் வந்துட்டேன். வண்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

"நீ சாப்பிட்டியா?"

"இல்லடி. இது முடிச்சதும் நான்."

"மெதுவாவே வா. அவசரமே இல்ல."

"மெதுவா எதுக்கு? ரோடு நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, அவள் டீ விற்பவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.